உச்சி முகரும் உரிமை

நடுநாட்டுத் திருத்தலங்களுள் சிறப்பு மிக்கது திருநாவலூர். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் அமைந்துள்ளது. பக்தஜனேசுவரரும் மனோன்மணி அம்மையும் எழுந்தருளியுள்ள இவ்வூர், சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த தலம் என்பதை அன்பர்கள் அறிவர். ஆயினும், அவருடைய தந்தையாரை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அறுபத்துமூவர் வரிசையில் ஏறக்குறைய கடைசியில் நிற்பவர் சடைய நாயனார். திருச்சுற்றில் அவர் முன் வருவதற்குள் நமக்குக் கால் ஓய்ந்துவிடுகிறது. அவருடைய குருபூசை மார்கழித் திருவாதிரையில் வருவதால், ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் அதுவும் மறைந்துவிடுகிறது.

சடையனார் கண்ணைப் பெயர்த்து அப்பியவர் அல்லர்; அரிய தொண்டு ஒன்றைச் செய்து சோதனைக்கு ஆளானவரும் அல்லர். சேக்கிழார் பெருமான் அவருக்கென ஒதுக்கியது ஒரே ஒரு பாடல். துணைவியார் இசைஞானியாருக்கும் ஒரே பாடல்தான். நம்பியாரூரரைப் பெற்றவர்கள் என்பதே இருவரின் பெருமை. அறுபத்துமூவருள் ஒருவரைத் தந்தை என்பதற்காகவே வணங்குகிறோம் என்பது எளிய செய்தியன்று. தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய அந்தக் குழந்தையைக் கண்டு ஆசைப்பட்ட மன்னர் நரசிங்கமுனையரையர், நட்பின் உரிமையால் கேட்டுப் பெற்று அரண்மனையில் வளர்த்தார். ஆனாலும், பிள்ளைக்கு மணப்பருவம் வந்தபோது குலமுதல்வர்களை அனுப்பிப் புத்தூரில் பெண் பேசியவர் சடையனாரே. குழந்தை எந்த வீட்டில் வளர்ந்தாலும் தந்தையின் கடமை தந்தையிடமே இருந்தது.

இதை இங்கே நினைவுகூரக் காரணம் உண்டு. நம் வீடுகளில் மகன்களும் மருமகன்களும் தந்தையர் ஆகின்றனர். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் நிகழ்வது நம் வழக்கம். பெண்ணுக்கு அது பெரும் ஆறுதல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத் தாயும் சேயும் புகுந்த வீடு திரும்பும்வரை, குழந்தையின் தந்தை ஒரு விருந்தாளியாகவே வந்து போகிறான். சனிக்கிழமை இரவுப் பேருந்தில் வருகிறான். கூடத்தில் உட்கார வைக்கப்பட்டு, காப்பி கொடுக்கப்படுகிறான். குழந்தையைக் கால்மணி நேரம் மடியில் வைத்துப் பார்க்கிறான். ஞாயிறு இரவு திரும்பிவிடுகிறான். "ஆம்பிளைக்கு என்ன தெரியும்" என்ற ஒரு சொல் போதும், அவன் கையிலிருந்து குழந்தையை வாங்கிவிட. அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நம் வயதினர்தாம்.

என் மகன் பெங்களூரில் பணிபுரிகிறான். மருமகளின் பிறந்தகம் திருக்கோவிலூர். சென்ற ஆண்டு பேத்தி பிறந்தாள். மத்திய அரசு ஊழியர்களுக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள் உண்டு. தனியார் நிறுவனங்களை அவ்வாறு கட்டாயப்படுத்தும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அவனுக்குக் கிடைத்தது பத்து நாள். அதை முழுவதும் சம்பந்தி வீட்டிலேயே கழிக்கப் போவதாகச் சொன்னபோது, இரு வீட்டுப் பெரியவர்களும் சற்றே திகைத்தோம். "மாப்பிள்ளை பத்து நாள் இங்கே தங்குவதா!" என்று சம்பந்தியம்மாள் தயங்கினார். பிறகு, பின்கட்டில் இருந்த சிறிய அறையை அவர்களே ஒழித்துக் கொடுத்தார்கள்.

திருக்கோவிலூர் என்றவுடன் நினைவுக்கு வருவது உலகளந்த பெருமாளும், முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த இடைகழியும் அல்லவா? மழையிரவில் மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்தனர். பேயாழ்வாரும் வந்துசேர, மூவரும் நின்றனர். நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்த பின்னரே பெருமாளின் திருக்காட்சி கிடைத்தது. பச்சிளங்குழந்தை உள்ள வீட்டின் இரவும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. படுத்திருந்தவர் எழுந்து உட்கார வேண்டும். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்க வேண்டும். தமக்குரிய இடத்தை ஒருவர் சுருக்கிக்கொண்டால்தான் இன்னொருவருக்கு இடம்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். இரவு, பகல் என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. பால் கொடுப்பது தாயால் மட்டுமே ஆகும். மற்ற அனைத்தும் தந்தையால் ஆகும். அழும் குழந்தையை எடுத்துத் தாயிடம் கொடுப்பது, குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்வது, ஈரத்துணி மாற்றுவது, கழுவித் துடைப்பது, பிறகு மல்லாக்கப் படுக்க வைப்பது. குப்புறப் படுத்தால் நன்றாகத் தூங்கும் என்று நம்மில் சிலர் சொல்வோம். இன்றைய மருத்துவர்கள் அதை ஏற்பதில்லை. முதலாண்டு முழுவதும் மல்லாக்க, சமமான, அழுத்தமான விரிப்பில், முகத்தருகே தலையணையோ தளர்ந்த துணியோ இல்லாமல் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். தூளியில் இட்டு ஆட்டும்போது பச்சிளங்குழந்தையின் கழுத்து மடங்கி மூச்சுக்கு இடையூறு நேரலாம் என்பதால், இரவு முழுவதும் தூளியில் விட வேண்டாம். ஆட்டும்போது யாரேனும் அருகில் இருக்க வேண்டும்.

முதல் வாரத்தில் குழந்தையின் எடை சற்றுக் குறையும். இதைக் கண்டு வீடே பதறி, "பால் போதவில்லை, மாட்டுப்பால் கொடு" என்று பெரியவர்கள் கிளம்புவது உண்டு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குவரை குறைந்து, இரண்டு வாரத்திற்குள் மீண்டும் பழைய எடையை எட்டுவது இயல்பே. நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா என்பதைத் துணி மாற்றுகிறவன் அறிவான். என் மகன் ஒரு பழைய நாட்காட்டியில் கோடு போட்டு வந்தான். அந்தக் கோடுகள்தாம் இரு வீட்டுப் பாட்டிகளின் வாதத்தையும் அடக்கின.

பிள்ளை வளர்ப்பில் தந்தை இறங்குவது புதுநாகரிகம் என்று எண்ணுவோர் நம் சம்ஸ்காரங்களைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஜாதகர்மம் செய்பவர் தந்தை. நாமகரணத்தில் குழந்தையின் காதில் பெயர் ஓதுபவர் தந்தை. நான்காம் மாதம் குழந்தையை வெளியே எடுத்து வந்து சூரியனைக் காட்டும் நிஷ்கிரமணமும், ஆறாம் மாதம் அன்னப்பிராசனமும் தந்தை முன்னின்று நடத்த வேண்டியவை. ஆபஸ்தம்ப கிருஹ்ய சூத்திரம் இன்னும் ஒரு நுட்பமான கடமையைச் சொல்கிறது. வெளியூர் சென்று திரும்பும் தந்தை, குழந்தையின் தலையை முகர்ந்து மந்திரம் சொல்ல வேண்டும். மகளைப் பார்த்துச் சொல்லவும் தனியே ஒரு மந்திரம் உண்டு. தமிழில் உச்சி முகர்தல் என்கிறோமே, அதுதான். பயணம் போய்வரும் தந்தைக்கென்றே வகுத்த சடங்கு இது. சனிக்கிழமைப் பேருந்தில் வரும் நம் பிள்ளைகளை அந்தக் காலத்திலேயே நினைத்திருக்கிறார்கள் போலும்.

இங்கே பெரியவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. ஜாதகர்மத்தில் தேனும் நெய்யும் குழந்தையின் நாவில் தடவுவது வழக்கம். இன்று பல வீடுகளில் நாமகரணத்துடன் சேர்த்துப் பதினோராம் நாளில் இதைச் செய்கின்றனர். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் துளியும் கூடாது என்பது மருத்துவம் கண்ட உறுதியான உண்மை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் பெரியவர்களை ஒன்றும் செய்யா. ஆனால், குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். உறுப்புகள் தளர்ந்து, மூச்சே நின்றுவிடக்கூடும். ஆகவே, வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் புரிந்துகொள்ளாத வாத்தியாரை நான் கண்டதில்லை.

தேன் சடங்கில் மட்டும் இல்லை. கோயில் பஞ்சாமிர்தத்திலும் இருக்கிறது. பிரசாதம் என்ற பக்தியில் நாம்தான் விரலால் தொட்டுக் குழந்தையின் நாவில் வைப்போம். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம் சேர்ந்திருக்கும். கற்பூரம் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்க வல்லது. ஓராண்டுவரை தீர்த்தத்தைத் தலையில் தெளித்தால் போதும். திருநீறும் குங்குமமும் நெற்றியில் சிறு கீற்றாக இட்டால் போதும். இறைவனின் அருள் நாவின் வழியாகத்தான் இறங்க வேண்டும் என்பதில்லை.

உரைமருந்துக்கு வருவோம். கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய், சுக்கு, வசம்பு இவற்றை வேகவைத்து, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்துப் புகட்டியவர்கள் நம் அன்னையர். கடுக்காய்க்குப் பெயர் பெற்றது நம் கல்வராயன் மலை. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். இவற்றின் மீது நமக்குள்ள பற்று எளிதில் போகாது. ஆயினும், முதல் 180 நாள் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வசம்பிலுள்ள ஒரு பொருள் தீங்கானது என்று கண்டு, 1968-இலேயே அமெரிக்க அரசு அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் போன்றவையும் இப்பட்டியலில் அடங்கும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டுவது, கண்ணுக்குள் மையிடுவது ஆகியவற்றையும் விட்டுவிடலாம். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைக்க யாரும் தடை சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்து மெல்லத் தடவி, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டும் நம் பாட்டிமாரின் கைப்பக்குவமும் தொடரட்டும். அதைத் தந்தைக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். குழந்தையைக் காலில் கிடத்திக்கொண்டு குளிப்பாட்டும் கலை இரண்டு தலைமுறையில் மறைந்துவிடும்போல் இருக்கிறது.

இனி மலைக்குச் செல்வோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஏறினால் வெள்ளிமலை. அங்கே கரியராமரை வழிபடும் மலையாளி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வதுண்டு. சாமையும் மரவள்ளியும் விளையும் பூமி. வேலை தேடி மலையிறங்கி, வெளிமாநிலத் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் தந்தையர் பலர். சமவெளியில் இருப்பவனுக்கு விடுப்புப் பற்றிய கவலை. மலையில் இருப்பவனுக்குப் பாதையும் கவலை. குழந்தைக்கு மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம் என்பது அங்கே உயிரின் அளவு.

ஆகவே, மலைவீட்டுத் தந்தை சில குறிகளை மனத்தில் பதித்திருக்க வேண்டும். சமவெளியில் உள்ளோருக்கும் இது பொருந்தும். குழந்தை பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால், உடல் சில்லிட்டால், வலிப்பு வந்தால், மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தை நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், மூன்று மாதத்திற்குள் காய்ச்சல் கண்டால், உடனே மருத்துவமனை. உரம் எடுப்பது, தொக்கம் எடுப்பது என்று யாரையும் தேடி ஓடும் நேரம் அதுவன்று. சேலையில் இட்டு உருட்டுவதும் தலைகீழாய்த் தூக்கிக் குலுக்குவதும் பச்சை மூளையைத் தாக்கும். 108-ஐ அழைக்க வேண்டும். வயிற்றுப்போக்கில் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது, மலை மக்களுக்கும் நமக்கும் ஒரு வரம்.

எடை குறைந்த குழந்தைக்குத் தந்தையின் மார்பே மருந்தாகும் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில், குறைமாதக் குழந்தைகளை வைக்கப் போதிய வெப்பப்பெட்டிகள் இல்லை. 1978-இல் அங்கிருந்த மருத்துவர்கள், குழந்தையைத் துணியின்றித் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினர். கங்காரு முறை என்று உலகெங்கும் பரவிய அது, இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் கற்பிக்கப்படுகிறது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறந்த குழந்தைக்கு இது மிகவும் ஏற்றது. தாய் உறங்கும்போதும் உண்ணும்போதும் தந்தை அதே வண்ணம் மார்பில் ஏந்தலாம், பலன் உண்டு. மலைக்குளிரில் இதைவிடச் சிறந்த கம்பளி ஏது? குழந்தையை மார்பில் கிடத்திச் சட்டையை மேலே மூடிக்கொள்ளும் ஒருவனைப் பார்த்து ஊரார் சிரித்தால், அந்த வீட்டுத் தாத்தா அவனருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

தடுப்பூசி அட்டை யாரிடம் இருக்கிறது? பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பீரோவில். அது தந்தையின் பையில் இருக்கட்டும். பிறந்தவுடன், ஒன்றரை மாதத்தில், இரண்டரை மாதத்தில், மூன்றரை மாதத்தில், ஒன்பது மாதம் நிறைந்ததும் என நாட்கள் உள்ளன. ஊசி போட்ட அன்று காய்ச்சல் வரலாம். அதற்காக அடுத்த ஊசியை விட்டுவிடக் கூடாது. நாளும் கோளும் பார்க்கும் நம் வழக்கத்தில், 'அன்று அஷ்டமி, பிறகு போடலாம்' என்று தள்ளும் வீடுகள் உண்டு. அஷ்டமியைக் கக்குவான் அறியாது.

பிறப்புப் பதிவும் தந்தையின் வேலையே. 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிடில், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2023 அக்டோபருக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் அனைத்துக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம். காதில் ஓதிய பெயரும் பதிவேட்டுப் பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

எல்லாவற்றினும் நுட்பமானது தாயின் மனம். பேறுகாலத்திற்குப் பின் சில நாள் காரணமின்றிக் கண்ணீர் வரும். இரண்டு வாரம் கடந்தும் அவள் முகம் தெளியாவிட்டால், குழந்தையைப் பார்க்கவே விருப்பமின்றி இருந்தால், உறக்கமும் உணவும் அற்றுப்போனால், அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை. மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். இதை முதலில் அறியக்கூடியவன் கணவனே. அவன் அருகில் இருந்தால்தானே அறிவான்? குழந்தை நிறம் குறைவு, பால் குறைவு, பெண்ணாய்ப் பிறந்தது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகும் உறவினர்களின் நாவை அடக்க வேண்டியவர்கள் நாம். எங்கள் பேத்தி பிறந்தபோது "முதல் பேறு பொண்ணா?" என்று கேட்டவருக்குச் சம்பந்தி, "ஆண்டாள் வந்திருக்கிறாள்" என்று விடை கொடுத்தார்.

ஆண்டாள் என்றதும் பெரியாழ்வாரைச் சொல்லாமல் இருக்க முடியுமா? துளசி வனத்தில் கண்டெடுத்த பெண் குழந்தையை வளர்த்தவர் அவர். கண்ணனைப் பாடும்போது தம்மை யசோதையாகவே ஆக்கிக்கொண்டார். தாலாட்டு, அம்புலியை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை, நீராட்டு என்று குழந்தையின் ஒவ்வோர் அசைவுக்கும் பாட்டு. இப்பருவங்களை இன்றைய மருத்துவர்கள் வளர்ச்சிப் படிகள் என்கிறார்கள். ஐந்தாம் மாத அளவில் தலையெடுத்து அசைவது, ஒன்பதாம் மாத அளவில் கைகொட்டுவது, ஓராண்டை ஒட்டித் தளர்நடை. அருகிருந்து நாள்தோறும் பார்த்த கண்களுக்கே இவை புலப்படும். என் மகன் பெங்களூரிலிருந்து இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியில் அழைத்துப் பாடுவான். அவன் பாடுவது திரைப்பாட்டு, பாசுரம் அன்று. ஏழாம் மாதத்தில் அந்தக் குரல் கேட்டதும் பேத்தி திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள்.

அன்னப்பிராசனம் ஆறாம் மாதம் என்று தர்மசாஸ்திரம் சொன்னதும், ஆறு மாதம் நிறைந்ததும் இணை உணவு தொடங்க வேண்டும் என்று மருத்துவம் சொல்வதும் ஒன்றாக அமைந்திருப்பது எனக்குப் பெரு மகிழ்ச்சி தருகிறது. குழைந்த சோறு, பருப்பு, ஒரு துளி நெய், மசித்த வாழைப்பழம், கேழ்வரகுக் கூழ். உப்பும் சர்க்கரையும் ஓராண்டுக்கு வேண்டாம். முதல் பிடியைத் தந்தை ஊட்டிய பிறகு, அடுத்த பிடியைக் குழந்தையே எடுக்கட்டும். மேலெல்லாம் அப்பிக்கொண்டு உண்ணும் அழகை ஒரு பாண்டிய மன்னனே பாடியிருக்கிறான். அறிவுடைநம்பி என்ற அவனுடைய பாட்டு புறநானூற்றில் 188-ஆவது. அரசன் அருகிருந்து பார்த்திருக்கிறான். நம் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

பேத்திக்கு வரும் மாதம் ஆண்டு நிறைவு. ஆயுஷ்ய ஹோமம் முடிந்ததும் திருநாவலூர் சென்று வருவதாக ஏற்பாடு. முடியிறக்கிக் காது குத்துவது தாய்மாமன் மடியில் என்பது வழக்கம். அந்த உரிமையில் யாரும் தலையிடப் போவதில்லை. குத்தியவுடன் வீரிட்டு அழும் குழந்தையை மாமன் மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றுவது யார் என்பதில் மட்டும் இரு பாட்டிகளுக்கும் இடையே பேச்சு நடந்தது. "அது அவள் அப்பாவின் வேலை" என்று மருமகள் சொல்லிவிட்டாள்.